அம்மா தன் இருமலுக்குப் பார்த்த செக்கிங்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் சர்க்கரை, அப்புறம் முழங்கால், மூன்றாவதாக நெஞ்சு. திருப்பூர்க்காரர்களுக்கு மட்டும் நெஞ்சு முதலிடத்துக்கு வந்துவிடும். போன வாரம் நெஞ்சு டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் கூடத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று முறை இருமினார். மூச்சுக்குழாய் புண்ணாகி வீங்கியிருக்கிறதாம்.

"எல்லாம் இந்தப் பனியன் தூசிங்க. முப்பது வருசம் கம்பெனியில கெடந்தா நெஞ்சு என்னத்துக்குங்க ஆகும்?" என்றார். அவர் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அவரிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்கிறேன். உங்களில் யார் பையில் என்ன இருக்கிறதென்று நான் பார்க்கவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் பத்து வயதுச் சிறுமி. வேலம்பாளையத்தில் லைன் வீடு. எட்டு வீடுகள் ஒரே வரிசையில், ஒரே சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ். முன்னால் ஓர் அறை, அதன் பின்னால் ஒரு ஆள் மட்டும் திரும்பக்கூடிய சமையலறை. முன்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் சாயத் தண்ணீர்ப் பள்ளத்தின் நாற்றம் உள்ளே வரும் என்று எப்போதும் மூடியே வைத்திருந்தோம். நாற்றத்தை வெளியே நிறுத்திவிட்டோம் என்று எங்களுக்குப் பெருமை வேறு. உள்ளே இருந்ததை வெளியே விடவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா கட்டிங் மாஸ்டர். மேசை மேல் அடுக்கடுக்காக விரித்த பனியன் துணியை அவர் வெட்டினால் மேல் அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் நூலளவு வித்தியாசம் இருக்காது என்பார்கள். அம்மா வேறொரு கம்பெனியில் செக்கிங். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செக்கிங் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும், உங்களுக்கு வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன், கதையே அதில்தான் இருக்கிறது.

தைத்து வரும் பனியனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்ப்பதுதான் வேலை. எங்கே குறை கண்டாலும் அந்த இடத்தில் ஊசியால் ஒரு சிவப்பு நூலைக் குத்தி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். எல்லாரும் செய்வது அதுவரைதான். அம்மா அதற்கு மேலும் ஒன்று செய்வாள். முடிச்சுப் போட்ட பனியன்களை அடுக்கி வைத்து, முடிச்சுகள் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று பார்ப்பாள். ஒரே நேர்க்கோட்டில் விழுந்திருந்தால் துணியின் மேல் குற்றமில்லை, பின்னுகிற மெஷினில் ஓர் ஊசி உடைந்திருக்கிறது என்று அர்த்தம். நேராகப் போய் மெஷின்காரரிடம், "உங்க மெசின்ல ஊசி ஒண்ணு போயிருச்சுங்க, சித்தெ பாருங்க" என்பாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பார்ப்பார். ஊசி உடைந்திருக்கும். சூப்பர்வைசரே அம்மா பார்த்த கட்டுகளை மறுபடி பிரித்துப் பார்க்க மாட்டார். அந்த மரியாதையை அம்மா தன் காதிலிருந்த கம்மலைவிடப் பெரிய நகையாக நினைத்தாள். நான் அப்படித்தான் நினைக்கிறேன், அவள் சொன்னதில்லை.

வீட்டில் இரண்டு இருமல்கள் இருந்தன. ஒன்று அப்பாவுடையது. காலையில் எழுந்ததும் வாசலில் நின்று கால் மணி நேரம் இருமிக் காறித் துப்புவார். எட்டு வீட்டுக்கும் அதுதான் அலாரம். அதை யாரும் வியாதி என்று சொன்னதில்லை. பல் விளக்குவது மாதிரி ஆம்பிளைகள் செய்கிற காரியம் என்று நினைத்துக்கொண்டோம். இன்னொன்று அம்மாவுடையது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மார்பில் சளி கரகரவென்று உருண்டு, வெளியே வராமல் அவளைக் குனிய வைத்துவிடும். அதைத்தான் வியாதி என்றார்கள்.

அப்பா சிகரெட் பிடிப்பார். அவர் நண்பர்கள் மூன்று பேர் சாயங்காலமும், ஞாயிற்றுக்கிழமையென்றால் பகல் முழுக்கவும் சீட்டாட வருவார்கள், அவர்களும் பிடிப்பார்கள். பெட்டிக்கடைக்குப் போய் வாங்கிவருவது என் உத்தியோகம். எனக்கு அந்த வாசனை பிடிக்கும் என்றால் இப்போது சிரிப்பீர்கள். புதுத் துணியும் மெஷின் எண்ணெயும் சிகரெட்டும் கலந்த வாசனைதான் எனக்கு அப்பா. பாக்கெட்டுக்குள் இருக்கும் வெள்ளித் தாளை நகத்தால் நீவிச் சுருக்கம் எடுத்து, கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துச் சேர்த்தேன். புத்தகம் எப்போது கனத்ததென்று தெரியாமல் கனத்தது.

அம்மா சமையலறையில் இருமினால் அப்பாவுக்குக் கஷ்டமாக இருக்கும். நிஜமாகவே இருக்கும், அதில் பொய் இல்லை. ஒருமுறை அவரே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து அம்மாவிடம் நீட்டினார். "ரெண்டு இழுப்பு இழுத்துப் பாரு அம்மிணி. புகை சளிய அறுத்துரும்" என்றார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள், உடனே அந்தச் சிரிப்பே இருமலாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தெற்கத்தி அக்காவுக்கு வேறு வைத்தியம். "பஞ்சு நெஞ்சுல ஒட்டிக்கிட்டு இருக்கு மதினி. சாயந்தரம் ஒரு துண்டு வெல்லம் தின்னுங்க, வழுக்கிட்டு எறங்கிரும்" என்பாள். அம்மா வெல்லம் தின்றாள். நானும் துணைக்குத் தின்றேன்.

ஐப்பசியில் தீபாவளி உற்பத்தி நேரம். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த அம்மாவுக்குக் காய்ச்சலும் இருமலும் சேர்ந்துகொண்டன. அப்பா டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் நல்ல மனுஷர். அவர் மேசையிலும் ஒரு சாம்பல் கிண்ணம் இருந்தது. அவர் அம்மாவைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அப்பாவே பதில் சொன்னார். எங்கே வேலை என்று கேட்டார். பனியன் கம்பெனி என்றதும் பேனாவை எடுத்துவிட்டார். மூச்சுக்குழாய் வீங்கியிருக்கிறது, நாள்பட்டது, பஞ்சுத் தூசி, வேலையை நிறுத்துங்கள் என்றார். வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா என்று கேட்கவில்லை. கேட்கிறவரும் பிடிப்பவர், பதில் சொல்கிறவரும் பிடிப்பவர். அந்தக் கேள்வி எங்கிருந்து வரும்?

காங்கேயத்திலிருந்து பெரியப்பா வந்து முடிவைச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். "நாளையிலிருந்து அது ஊட்டுல இருக்கட்டும். உசுரவிட வேலையா பெருசு?" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அம்மா மறுநாள் கம்பெனிக்குப் போகவில்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் மட்டும், "தை முடியற வரைக்கும் உன்ற எடத்துல வேற ஆள் போட மாட்டனுங்க அம்மிணி. அதுக்குள்ள வந்துரு. அதுக்கு மேல மொதலாளி கேக்க மாட்டாரு" என்று சொல்லியனுப்பினார். அம்மா அன்று அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அவள் வீட்டில் இருந்த முதல் வாரம் எனக்குக் கொண்டாட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா இருப்பாள். இரண்டாவது வாரம் கொண்டாட்டம் குறைந்தது. இருமல் குறையவில்லை, எச்சானது. கம்பெனிக்குப் போன நாட்களில் காலையிலும் ராத்திரியிலும் இருமியவள் இப்போது பகலிலும் இருமினாள். மூடிய ஜன்னலுக்குள் முந்தின நாளின் புகை கூரையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்தது. "உள்ள எறங்கின பஞ்சு சும்மாவா போகும்? நாளாகும்" என்றார் அப்பா. எல்லாரும் ஆமாம் என்றோம்.

அம்மா ஆமாம் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை, அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த வேஸ்ட் துணி மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைப் பனியன் துண்டை எடுத்தாள். கை அகலம், ஒரு பாவாடை நாடா அளவுக்கு நீளம். பென்சிலால் விரல் அகலத்துக்குக் கோடுகள் போடச் சொன்னாள். பள்ளிக்கூடத்து ஸ்கேலை வைத்து நான்தான் போட்டேன். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே ஒரு நாள். குனிய வைக்கிற இருமல் வந்தால் அந்த நாளில் ஒரு சிவப்பு நூல்முடிச்சு. காலையில் வந்தால் இடது ஓரம், மத்தியானம் வந்தால் நடுவில், சாயங்காலத்துக்கு மேல் வந்தால் வலது ஓரம்.

"எதுக்குங்கம்மா இது?" என்று கேட்டேன்.

"வேலையில்லாம கை நமநமங்குது கண்ணு. ஒண்ணுமில்லாததுக்கு இதையாச்சும் செக்கிங் பாக்கறேன்" என்றாள்.

நான் நம்பிவிட்டேன். அப்பாவும் பார்த்துவிட்டு ஏதோ கைவேலை என்று நினைத்துக்கொண்டார். துண்டு மாவு டின்னுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது.

கார்த்திகை பிறந்தது. அம்மாவின் நெஞ்சு சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அப்பா சபரிமலைக்கு மாலை போட்டார். பெண்டாட்டியின் இருமலுக்காக ஒரு மனுஷர் விடியற்காலைப் பச்சைத் தண்ணீரில் குளித்துக் கறுப்பு வேட்டி கட்டினார் என்பதை நான் இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன். கவுச்சி இல்லை, செருப்பு இல்லை, சீட்டு இல்லை, சிகரெட் இல்லை. மாலை போட்டவர் வீட்டில் புகைக்கக் கூடாதென்று நண்பர்களும் வரவில்லை. சாயங்காலம் சூடமும் சாம்பிராணியும்கூட வாசலோடு சரி. உள்ளே கொண்டுவந்தால் அம்மாவுக்குத் தாங்காதென்று சாமியே சொல்லிவிட்டார். சாமி என்றால் அப்பாதான். நாங்கள் எல்லாரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அம்மாவின் இருமல் குறைந்தது. பத்து நாளில் மத்தியான முடிச்சு நின்றது. மூன்றாவது வாரத்தில் ஒரு முழு நாள் வெறும் வெள்ளையாகவே போனது. மார்கழிப் பனி இறங்கியும் ஏறவில்லை. லைன் வீடு முழுக்க ஐயப்பன் புகழ்தான். தெற்கத்தி அக்கா, "சாமி சக்தி கண்ணால பாத்துட்டோம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெரியப்பா கடுதாசி எழுதினார்: கடவுள் அருளும் வீட்டு ஓய்வும் சேர்ந்து காப்பாற்றிவிட்டன, இனி கம்பெனிப் பக்கம் தலைவைக்க வேண்டாம். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். எழுந்து போய் அன்றைய கட்டத்தில் முடிச்சு எதுவும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டாள்.

அப்பா மலைக்குப் போய் வந்தார். மாலையைக் கழற்றினார். பிரசாதம் கொடுத்து முடித்ததும் என்னைத்தான் கூப்பிட்டார். "கண்ணு, கடைக்குப் போயிட்டு வா" என்றார். நாற்பது நாள் தவம் இருந்தவர் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. ஓடினேன். சாயங்காலம் நண்பர்கள் வந்தார்கள். நாலாவது நாள் அம்மா சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொங்கலுக்கு முன்தினம் பெரியப்பா கரும்போடு வந்தபோது அம்மாவுக்கு உதடு வெளிறி, பேச்சு விட்டுவிட்டு வந்தது. அவர் பதறிப்போனார். "நாந்தான் அப்பவே சொன்னனே. கம்பெனில இருந்து வந்த சீக்கு அவ்வளவு லேசுல போகாது. காங்கேயத்துக்கு வந்து எங்க ஊட்டுல இருக்கட்டும். இனி வேலைங்கற பேச்சே வேண்டாம்" என்றார். அப்பா தலையாட்டினார். தை பிறக்க ஓர் இரவுதான் பாக்கி. சூப்பர்வைசர் அம்மாவுக்குக் கொடுத்த கெடுவில் பாக்கி அந்த ஒரு மாதம். அது போனால் வேலை போகும். வேலை மட்டுமா, அவள் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் மற்றவர்கள்தான் சொல்வார்கள்.

அவள் உள்ளே போய்த் துண்டை எடுத்துவந்தாள். தரையில் விரித்து, சுருளாமல் இருக்க இரண்டு முனையிலும் டம்ளரை வைத்தாள்.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றாள் அப்பாவிடம். "துணின்னு நெனச்சுப் பாருங்க. எங்கெங்க டேமேஜ்னு சொல்லுங்க."

அப்பா உட்கார்ந்தார். எனக்கு அந்தக் காட்சி இப்போதும் கண்ணில் நிற்கிறது. கம்பெனியில் துணி விரிப்பது போலவே கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். மேலே சிவப்பு நெருக்கம். நடுவில் நீளமாக வெள்ளை. அடியில் மறுபடி சிவப்பு. பெரும்பாலான முடிச்சுகள் வலது ஓரத்தில், சாயங்காலப் பக்கம்.

"இது எந்தக் கெழமை?" என்றார். மற்ற கட்டங்களைவிட அடர்த்தியாக இருந்த ஒன்றில் விரல் நின்றது.

"ஞாயித்துக்கெழமைங்க. அது மட்டுமில்ல, அடர்த்தியா இருக்கறது பூராவும் ஞாயித்துக்கெழமைதான்."

"மேல, செவப்புக்கு நடுவால, இந்த ரெண்டு நாளு மட்டும் ஒண்ணுமில்ல?"

"நீங்க காங்கேயத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க."

பெரியப்பா குறுக்கே வந்தார். "நடுவால இருக்கற வெள்ளை சாமி குடுத்ததுங்க அம்மிணி. அதையும் சொல்லோணுமல்ல."

"சாமி குடுத்ததுதானுங்க. நான் இல்லீங்கல" என்றாள் அம்மா. மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா மாலையக் கழட்டினதும் சாமி எதுக்குங்க குடுத்ததைத் திருப்பி வாங்கோணும்? நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

"அடுப்புப் புகையா இருக்கும்."

"அடுப்பு தெனமும்தானுங்க எரியுது. சாமி மாலை போட்டிருந்தப்பவும் மூணு வேளை எரிஞ்சுது. டேமேஜ் தெனமும் இல்லீங்களே."

"அப்ப கம்பெனிப் பஞ்சு?"

"நான் கம்பெனிக்குப் போயி ரெண்டரை மாசமாச்சுங்க."

அப்பா விரலை எடுக்கவே இல்லை. இத்தனை நாளாக அவரிடம் யாராவது நேரடியாகச் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பார், அம்மா அழுதிருந்தால் டாக்டரிடம் மறுபடி கூட்டிப்போயிருப்பார், சண்டை போட்டிருந்தால் வெளியே எழுந்து போயிருப்பார். துணியைக் காட்டினால் அவர் என்ன செய்வார்? முப்பது வருஷம் துணியிடம் பொய் சொல்லாத ஆள்.

"ஒடஞ்ச ஊசி எங்கிருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் மெதுவாக.

என் அம்மாவின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பு முழுவதும் அந்த நிமிஷத்தில் வந்ததுதான். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள். டாக்டர் கேட்காத கேள்வியை அவள் ஒரு வேஸ்ட் துணியிடம் கேட்டு, பதிலையும் வாங்கிவிட்டாள். அதைவிட, கண்டுபிடித்த பிறகும் யாரையும் குற்றவாளியாக நிறுத்தவில்லை. மெஷின்காரரிடம் போய் ஊசி போயிருச்சுங்க என்று சொல்வாளே, அதே குரல்தான்.

பெரியப்பா மட்டும் டாக்டர் வாயால் கேட்க வேண்டும் என்றார். மாட்டுப்பொங்கல் கழிந்து போனோம். நால்வரும் போனோம். டாக்டர் துண்டை மேசைமேல் விரித்து வெகுநேரம் பார்த்தார். முதலில் ஏதோ வேடிக்கை என்று சிரித்தவர், அம்மா கட்டம் கட்டமாக விளக்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"நான் அன்னைக்கே கேட்டிருக்கணும். கேக்கலை" என்றார்.

பிறகு எனக்கும் புரிகிற மாதிரிதான் சொன்னார். மூச்சுக்குழாய்க்குள் பொடிப்பொடியாக முடி மாதிரி இருக்கிறதாம். உள்ளே வரும் தூசியையும் சளியையும் மேலே தள்ளி வெளியேற்றுவது அதன் வேலை. புகை பட்டால் அந்த முடிகள் படுத்துவிடும். தள்ள ஆளில்லாமல் சளி தேங்கும், தேங்கத் தேங்க இருமல். ஏற்கெனவே குழாய் வீங்கிப் புண்ணாக இருப்பவர்களுக்கு ஒவ்வொரு புகையும் புண்ணின் மேல் உரசுவதுதான். பிடிப்பவருக்கு மட்டுமில்லை, அதே அறையில் இருந்து மூச்சு விடுகிறவருக்கும்.

"பஞ்சுத் தூசி நல்லதுன்னு நான் சொல்லலை. வாய்ல மூக்குல துணி கட்டிக்கிட்டு வேலை பாக்கட்டும், ஜன்னல் பக்கமா உக்காரட்டும். ஆனா வீட்ல புகை நிக்காம கம்பெனியை நிறுத்தி என்ன பிரயோஜனம்?" என்றவர் அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க காலைல எழுந்ததும் இருமுவீங்களா?"

"அது சும்மாங்க, தொண்டை."

"தொண்டை இல்லை. உங்களுக்கும் இதே வியாதிதான். வீட்ல ஒரு ஆளுக்கு இல்லை, ரெண்டு ஆளுக்கு."

பேசிக்கொண்டே மேசைமேல் இருந்த சாம்பல் கிண்ணத்தை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார். குப்பையில் போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பத்து வயதுப் பெண்ணும் அவள் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்ன இன்னொரு டாக்டரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அன்றே அப்பா நிறுத்தினார். சொன்னால் எளிதாக இருக்கிறது. மாலை போட்டபோது சாமி பயம் இருந்தது, நாற்பது நாளில் முடியும் என்ற கணக்கு இருந்தது. இப்போது முடிவு தேதி இல்லை. கை சட்டைப் பையைத் தேடிக்கொண்டே இருந்தது. சோற்றில் உப்பில்லை என்று கத்தினார், இருந்தது. நண்பர்கள் சீட்டுக்கட்டோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தோம். சாய நாற்றம் வந்தது, பழகிவிட்டது. எல்லாவற்றையும்விட மோசம், அவர் இருமல் கூடிவிட்டது. கால் மணி அலாரம் அரை மணி ஆனது.

"பாத்தியா, சிகரெட்டு குடிச்சிட்டு இருந்தப்ப இவ்வளவு இல்ல. விட்டதுக்குப் பொறவுதான் எச்சாயிருச்சு" என்று ஒரு காலை வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

அம்மா வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். "படுத்துக்கெடந்த முடியெல்லாம் எந்திரிக்குதுங்க. இத்தன வருசத்துக் குப்பைய ஒரே நாள்ல கூட்டித் தள்ளுமுங்களா? சித்தெ பொறுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா தோற்றுவிட்டார். வெளியே போய்விட்டு வந்தவர் மேல் வாசனை வந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் திட்டவில்லை. துண்டையும் ஊசியையும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். "இன்னிக்கு நீங்களே குத்துங்க" என்றாள். கத்தியைப் பிடித்த அந்தப் பெரிய விரல்களால் ஊசியில் நூலைக் கோக்க அவருக்கு முடியவில்லை. நான் கோத்துக் கொடுத்தேன். அவர் குத்தி முடிச்சுப் போட்டுவிட்டு, துண்டைத் தன் கையாலேயே ஆணியில் மாட்டினார்.

அந்தத் துண்டு இப்போது இல்லை. வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது. அம்மா இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். மார்கழியில் கொஞ்சம் இருமல் வரும், போகும். சுத்தமாகக் குணமானதென்று பொய் சொல்ல மாட்டேன். ஒருமுறை கெட்ட குழாய் பழையபடி ஆகாதென்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஆனால் அதற்குப் பிறகு இருபது வருஷம் செக்கிங் மேசையில் இருந்தாள், கடைசியில் அங்கே அவள்தான் சூப்பர்வைசர். அப்பா எழுபத்தாறு வயது வரை இருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது முடிவு இல்லை. தை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமைதான்.

அன்று அம்மா வேலைக்குத் திரும்பினாள். மூக்கையும் வாயையும் சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். அப்பாவும் கூட வந்தார். அப்பா கம்பெனிக்குப் போகிற வழியில்தான் என் பள்ளிக்கூடம் என்று நானும் போனேன். வழியில் ஒரு மேடு, அதில் ஏறும்போது மூச்சு வாங்க அம்மா ஒருமுறைதான் நின்றாள். கம்பெனி கேட்டில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவள் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டாள், இன்னொருத்தி கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. அவ்வளவு அவசரம்.

எதிரே டீக்கடை வாசலில் அப்பாவின் மூன்று நண்பர்களும் நின்றிருந்தார்கள். வேலைக்கு முந்தின டீ, கையில் சிகரெட். "மாஸ்டர், வாங்க. ஒரு டீயக் குடிச்சிட்டுப் போலாம்" என்று கூப்பிட்டார்கள். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அப்பாவின் கம்பெனிக்கு அந்தக் கடையைத் தாண்டி நேராகப் போக வேண்டும். எட்டு நிமிஷ நடை.

அப்பா கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு என்னோடு பக்கத்துச் சந்தில் திரும்பினார். அது பள்ளத்தைச் சுற்றி, மயானத்தைச் சுற்றிப் போகிற வழி. அவர் கம்பெனிக்கு அந்த வழியாகப் போனால் அரை மணி நேரம் ஆகும். ஏழே முக்காலுக்குக் கத்தியைக் கையில் எடுக்காவிட்டால் வானம் இடிந்து விழுந்துவிடும் என்று நினைக்கிற மனுஷர்.

"ஏனுங்கப்பா இப்படிச் சுத்திப் போறோம்? அந்த வழிதானுங்க கிட்ட?" என்று கேட்டேன்.

அவர் சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு எது சொன்னாலும் போதும். சாயத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார்.

"அந்த வழியாப் போனா நான் தோத்துருவேன் கண்ணு" என்றார். "இன்னிக்கு உங்கம்மா போயிருக்கறா. நான் தோக்கக் கூடாது."

அன்று அவர் வேலைக்குத் தாமதமாகப் போனார். மறுநாளிலிருந்து வீட்டை விட்டு அரை மணி முன்னால் கிளம்பினார்.